எல்லாரும் போகிற ரோடு, உங்களுக்கு மட்டும் ஏன் தலைவலி?

கேள்வி: எனக்கு வயது 34. வீடு திருவொற்றியூரில். பாரிமுனையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் எண்ணூர் விரைவுச் சாலை வழியாக ஸ்கூட்டரில் போய் வருகிறேன். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்தப் புகையில் மாட்டிக்கொண்டால் சாயங்காலத்துக்குள் வலது நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்துவிடும். வாந்தி வரும், லைட் வெளிச்சம் ஆகாது, யாராவது பேசினால்கூட எரிச்சலாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்துவிடுகிறது. காது மூக்கு தொண்டை டாக்டர் சைனஸ் என்று மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார், குறையவில்லை. மெடிக்கலில் வாங்கும் தலைவலி மாத்திரை போட்டால்தான் அடங்குகிறது. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது தலைவலியே இல்லை. மார்கழியில் லேசாக வீசிங் வரும். வீட்டில் மாமியார் செவ்வாய், வெள்ளி சாம்பிராணி போடுவார். ராத்திரி கொசுவத்தி உண்டு. காற்று மாசால் ஒற்றைத் தலைவலி வருமா? வேலையை விடுவதா, வீட்டை மாற்றுவதா? ‘எல்லாரும்தான் அந்த ரோட்டில் போறாங்க, உனக்கு மட்டும் என்ன?’ என்கிறார் என் கணவர்.
- வாசகி, திருவொற்றியூர்

பதில் (நரம்பியல் மருத்துவர்): உங்கள் கணவர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். எந்த மனநிலையில் கேட்டாரோ, கேள்வி சரியான கேள்விதான். அதற்கு விடை தெரிந்தால், வேலையை விடுவதா வீட்டை மாற்றுவதா என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் நோய் எது என்று பார்ப்போம். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்வது முறையல்ல. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு பக்கமாகத் தெறிக்கிற வலி, வாந்தி, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை நீடிப்பது, மாடிப்படி ஏறினால் கூடுவது. இந்த அடையாளங்களை வைத்துத்தான் மைக்ரேனைக் கண்டுபிடிக்கிறோம். ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ அது தெரியாது.

அப்படியானால் சைனஸ்? ‘தூசியில் போனால் வருகிறது, மூக்கில் நீர் ஒழுகுகிறது, அதனால் சைனஸ்’ என்று நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லோரும் நினைக்கிறார்கள். மைக்ரேன் வரும்போதும் மூக்கில் நீர் வடியும், கண் கலங்கும், கன்னம் கனக்கும். மூக்குக்கும் நெற்றிக்கும் மூளையின் உறைக்கும் உணர்ச்சி கொண்டுபோவது ட்ரைஜெமினல் என்ற ஒரே நரம்பு என்பதுதான் காரணம். தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று சொன்ன சுமார் 3,000 பேரை அமெரிக்காவில் முறையாகப் பரிசோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. உண்மையான சைனஸ் தொற்றில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிச் சளி வரும், காய்ச்சல் இருக்கலாம், வாசனை தெரியாமல் போகலாம். காலையில் ரோட்டில் போய் மாலையில் வந்து, மறுநாள் மறைந்துபோகிற தலைவலிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. நான்காவது முறை யாராவது எழுதிக் கொடுத்தால், ‘இது மைக்ரேனாக இருக்குமா டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்போது கணவரின் கேள்வி. மைக்ரேன் பெரும்பாலும் பிறவியிலேயே, பரம்பரையாக வருகிற ஒரு தன்மை. உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுத்திருந்ததைப் பார்த்த நினைவு இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இந்தத் தன்மை உள்ள மூளை வெளிச்சம், சத்தம், வாசனை எல்லாவற்றையும் மற்றவர்களைவிடக் கூர்மையாக வாங்கிக்கொள்ளும். பெண்களுக்கு இது ஆண்களைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். பக்கத்தில் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த ஆய்வில், பெரியவர்களில் நான்கு பேரில் ஒருவருக்கு ஓர் ஆண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்தது. நம் ஊர் நிலைமை பெரிதாக மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆக, உங்களுக்கு மட்டும் இல்லை, அம்மா. அந்த சிக்னலில் உங்களோடு நிற்பவர்களில் பலருக்கும் இது உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

லாரிப் புகைக்கு இதில் என்ன வேலை? மூக்கின் உட்புறத்தில் நான் மேலே சொன்ன ட்ரைஜெமினல் நரம்பின் நுனிகள் பரவிக் கிடக்கின்றன. எரிச்சலூட்டும் ரசாயனங்களை உணர்வதற்கென்றே அவற்றில் டிஆர்பிஏ1 என்று ஒரு ஏற்பி இருக்கிறது. ஊறுகாய்க்குக் கடுகு அரைக்கும்போது மூக்கில் சுரீரென்று ஏறுகிறதே, அது இந்த ஏற்பியின் வேலைதான். டீசல் புகை, சிகரெட் புகை, விறகுப் புகை, அளவுக்கு மீறிச் சூடான எண்ணெயின் புகை எல்லாவற்றிலும் அக்ரோலின் என்றொரு பொருள் இருக்கிறது. அதுவும் இதே ஏற்பியைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட நரம்பு சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கை வெளியிடும். மைக்ரேன் வலியைக் கிளப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அண்மை ஆண்டுகளில் வந்திருக்கும் புதிய மைக்ரேன் ஊசிகள் இந்த சி.ஜி.ஆர்.பி.யைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன.

கலிபோர்னியாவில் ஒரு மரம் உண்டு. அதன் இலை வாசனை பட்டால் சிலருக்கு மண்டை இடிக்கும், அதனால் அங்குள்ளவர்கள் ‘தலைவலி மரம்’ என்றே அதை அழைப்பார்கள். வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் இத்தாலிய ஆய்வாளர்கள் அந்த வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். அதுவும் இதே டிஆர்பிஏ1 வழியாகத்தான் சி.ஜி.ஆர்.பி.யைக் கிளப்புகிறது என்று 2012இல் காட்டினார்கள். ‘நெடி பட்டதும் தலை வலிக்கிறது’ என்று நீங்கள் சொல்லும்போது யாராவது சிரித்தால், அவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஊர் அளவில் எடுத்த ஆய்வுகள் இத்தனை தெளிவாக இல்லை. தென்கொரியாவின் சியோல் நகரில் 2008 முதல் 2014 வரை மைக்ரேனுக்காக அவசரப் பிரிவுக்கு வந்த சுமார் 19 ஆயிரம் வருகைகளை அந்தந்த நாள் காற்றின் தரத்தோடு ஒப்பிட்டார்கள். நுண்துகள், நைட்ரஜன் டை ஆக்ஸைடு, ஓசோன் எல்லாம் கூடிய நாட்களை ஒட்டி வருகைகளும் கூடின. வெயில் அதிகமான நாட்களில் இந்தத் தொடர்பு இன்னும் பலமாக இருந்தது. அதற்கு முன் பாஸ்டனில் 2000 முதல் 2007 வரை 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைவலி நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் மாசோடு தெளிவான தொடர்பு தெரியவில்லை. வெப்பம்தான் தெரிந்தது: 5 டிகிரி செல்சியஸ் கூடினால் தலைவலி வாய்ப்பு 7.5 சதவீதம் கூடியது. பாஸ்டனின் காற்று நம் ஊர்க் காற்றைவிட எவ்வளவோ சுத்தம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். இரண்டையும் வைத்து நான் எடுத்துக்கொள்வது இது: மாசு மைக்ரேன் நோயை உண்டாக்குகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. ஏற்கெனவே மைக்ரேன் உள்ளவருக்கு அன்றைய வலியைக் கிளப்பிவிடும் என்பதை நம்பலாம். வெயிலும் புகையும் சேர்ந்தால் இன்னும் மோசமாகலாம். கத்திரி வெயிலில், மதியம், லாரிக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு நிற்பதுதான் உங்களுக்கு ஆகவே ஆகாத வேளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு முந்தின நாளே, மைக்ரேன் மூளைக்குள் ஆரம்பித்துவிடும். கொட்டாவி வரும், கழுத்து பிடிக்கும், இனிப்பு தின்னத் தோன்றும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். வாசனை தாங்காமல் போவதும் அப்போதுதான். ‘இன்றைக்குப் புகை நெடி தாங்க முடியவில்லை, அதான் தலைவலி’ என்று நினைப்போம். தலைவலி ஏற்கெனவே கிளம்பிவிட்டதால்தான் அன்றைக்கு நெடி தாங்கவில்லை என்றும் இருக்கலாம். உங்கள் விஷயத்தில் எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, எழுதி வைப்பது. சமையலறைக் காலண்டரிலேயே போதும். வலி வந்த நாள், முந்தின ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம், காலையில் சாப்பிட்டீர்களா, மாதவிலக்குத் தேதி, போட்ட மாத்திரை, ரோட்டில் எவ்வளவு நேரம். வலி வராத நாளிலும் ரோட்டு நேரத்தை எழுத வேண்டும், அதுதான் முக்கியம். புகையில் மாட்டியும் வலி வராத நாட்கள் எத்தனை என்று தெரிந்தால்தான் கணக்கு நேராகும். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஊரடங்குக் காலத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அப்போது புகை இல்லை என்பது உண்மை. கூடவே நேரத்துக்குச் சாப்பாடு, கூடுதல் தூக்கம், வெயிலில் அலைச்சல் இல்லை, நெற்றியை அழுத்தும் ஹெல்மெட் இல்லை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. புகையை மட்டும் குறைத்தால் அதே நிம்மதி கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சரி, என்ன செய்வது? புகைக்கு முன்னால் உங்கள் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி அதுதான். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் மாதத்துக்கு 12, 13 நாள். கடைகளில் தலைவலிக்கென்று கொடுப்பவை பெரும்பாலும் கலவை மாத்திரைகள், பாரசிட்டமாலோடு கஃபைன், எர்கோட்டமின் எல்லாம் சேர்ந்தவை. கலவை மாத்திரையையோ, மைக்ரேனுக்கென்றே உள்ள ட்ரிப்டான் வகை மாத்திரையையோ மாதத்தில் 10 நாளுக்கு மேல், அல்லது வெறும் வலி மாத்திரையை 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கும் கூடுதலாகப் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை அடிக்கடி வரவைக்கும். உங்களுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருவதற்கு லாரிகள் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். நிறுத்தும் முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடும், அதைத் தாண்ட மருத்துவர் துணை வேண்டும்.

உங்கள் அளவுக்கு அடிக்கடி வருபவர்களுக்கு, வலி வராமல் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. தினமும் எடுக்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். இங்கேதான் உங்கள் மார்கழி வீசிங் முக்கியமாகிறது. நாங்கள் சாதாரணமாக முதலில் எழுதும் புரோப்ரனலால் வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். புகையால் தலைவலி என்று வருபவர்களில் வீசிங்கும் இருக்கிறதா என்று நான் தவறாமல் கேட்பது இதனால்தான். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அமிட்ரிப்டிலின், டோபிராமேட், ஃப்ளுனாரிசின் என்று வேறு வழிகள் இருக்கின்றன. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். டோபிராமேட், வால்ப்ரோயேட் இரண்டும் கருவுக்குக் கெடுதல்.

அப்புறம் ரோடு. வண்டிப் புகை ரோட்டின் மேலேயேதான் மிக அடர்த்தியாக இருக்கும், தள்ளிப் போகப் போக வேகமாகக் குறையும். லாரியின் பின்புறக் குழாயை ஒட்டி நிற்பதற்கும் இரண்டு வண்டி இடைவெளி விட்டு நிற்பதற்கும் உங்கள் மூக்குக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறதே. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. திருவொற்றியூரில் ஏறினால் வண்டி மாறாமல் மண்ணடியிலோ உயர் நீதிமன்றத்திலோ இறங்கலாம், பாரிமுனை அங்கிருந்து நடக்கும் தூரம். ஸ்கூட்டரை ஸ்டேஷனில் விட்டுவிட்டு இரண்டு மாதம் மெட்ரோவில் போய்ப் பாருங்கள், காலண்டரில் குறித்துக்கொண்டே. செலவு கொஞ்சம் கூடலாம். வேலையை விடுவதோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

மெட்ரோ முடியாத நாட்களுக்கு முகக்கவசம். துணி மாஸ்க்கால் பெரிய பிரயோஜனமில்லை. இறுக்கமாகப் பொருந்தும் என்95 நுண்துகள்களில் 95 சதவீதத்தையாவது தடுக்கும். ஆனால் வாயுக்களையும் நெடியையும் தடுக்காது, அக்ரோலின் அதன் வழியே உள்ளே வந்துவிடும். எனவே மாஸ்க் போட்டும் வலி வந்தால் ‘இது புகையால் இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வயிறும் புகையும் சேர்ந்தால் மைக்ரேனுக்கு வேறு எதுவும் தேவையில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி உள்ளிட்ட சென்னை நிலையங்களின் காற்றுத் தரக் குறியீடு தெரியும். 100 வரை பரவாயில்லை, 200ஐத் தாண்டினால் ஸ்கூட்டர் வேண்டாம். போகிப் பண்டிகைக் காலையில் செயலியே வேண்டாம், சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருங்கள். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி வீட்டுக்குள் இருக்கும் புகை. ரோட்டில் ஒரு நாளைக்கு நீங்கள் இருப்பது அதிகம் போனால் இரண்டு மணி நேரம். சாத்திய படுக்கையறையில் கொசுவத்தியோடு எட்டு மணி நேரம். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிக்கும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு சொல்கிறது. லாரியை உங்களால் நிறுத்த முடியாது, இதை இன்றைக்கே நிறுத்தலாம். கொசுவலை கட்டுங்கள், சன்னலுக்கு வலை அடியுங்கள். உங்கள் வீசிங்குக்கும் இது நல்லது, குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் நல்லது.

சாம்பிராணி விஷயத்தில் மாமியாரோடு சண்டை போட வேண்டாம். அவர் எத்தனையோ வருஷமாகச் செய்துவருகிற காரியம். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பூஜை இடத்தில் மட்டும் போடட்டும், அந்த நேரத்தில் நீங்கள் மாடிக்கோ வெளியிலோ போய்விட்டு நெடி அடங்கியதும் வாருங்கள். இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுத்தாலும் நல்லதுதான். ஒரு எச்சரிக்கை: வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல் வந்து, வெளியே போனதும் சரியானால் அது மைக்ரேன் இல்லை. மூடிய குளியலறையில் கேஸ் கீசர், வீட்டுக்குள் ஓடும் ஜெனரேட்டர், கரி அடுப்பு ஆகியவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடாக இருக்கலாம். அதற்கு நெடி கிடையாது, உயிரையே வாங்கிவிடும். உடனே எல்லோரும் வெளியேற வேண்டும்.

வீட்டை மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். மணலியின் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர்ப் பகுதியின் அனல்மின் நிலையங்கள், துறைமுகத்து லாரிகள் எல்லாவற்றையும் வடசென்னை மக்கள்தான் சுமக்கிறார்கள். பி.எம். 2.5 என்னும் நுண்துகள் ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது 2021இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 40. எட்டு மடங்கு. இது மாற வேண்டும் என்று நீங்கள் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் அது உண்டு. ஆனால் அந்த மாற்றம் வரும்வரை உங்கள் தலைவலி காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டை மாற்றினாலும் மைக்ரேன் உங்களோடுதான் வரும். வேலையையும் விட வேண்டாம், வீட்டையும் மாற்ற வேண்டாம். கொசுவத்தியை நிறுத்தி, ரயிலுக்கு மாறி, மாத்திரையை ஒழுங்குபடுத்தி, மூன்று மாதம் பாருங்கள்.

வலிக்கு முன்னால் கண்ணில் வளைந்து நெளிகிற வெளிச்சமோ, பார்வையில் பாதி மறைவதோ எப்போதாவது வந்திருக்கிறதா? கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். வந்தால் உடனே வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள், அது முழுதும் தெளிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அப்படி வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது, பக்கவாத ஆபத்து கூடும். திடீரென்று நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் புகை, மைக்ரேன் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே நரம்பியல் பிரிவு உண்டு, செலவும் இல்லை. போகும்போது காலண்டர் தாளையும், நீங்கள் போட்டுவரும் மாத்திரைகளின் அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அட்டையின் பின்னால் இருக்கும் பெயரைப் பார்த்தால்தான் எதை எப்படி நிறுத்துவது என்று மருத்துவரால் சொல்ல முடியும். முடிந்தால் கணவரையும் கூட அழைத்துப் போங்கள். அவர் கேட்ட கேள்வியை அங்கேயும் நேரில் கேட்கட்டும்.